திப்புவின் புலிகள்: யார் யாருக்குக் கொடுத்த பரிசு?

கேள்வி இதுதான்: விண்ட்சர் கோட்டையில் இருக்கும் பொன் புலித்தலை, திப்பு சுல்தான் இங்கிலாந்து அரசருக்கு நட்புக்காக அனுப்பிய பரிசா? லண்டன் அருங்காட்சியகத்தில் வெள்ளைக்காரனைக் கடித்துக்கொண்டு நிற்கும் மரப்புலியும் அதே பரிசில் சேர்ந்ததா?

இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். இந்தப் புலிகளில் ஒன்றைக்கூடத் திப்பு அனுப்பவில்லை. எல்லாமே 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு கோட்டைக்குள் கொல்லப்பட்ட பிறகு எடுக்கப்பட்டவை. ஆனாலும் "அரசருக்கு வழங்கப்பட்டது" என்று அருங்காட்சியகக் குறிப்பில் இருப்பது பொய் அல்ல. கொடுத்தவர் யார் என்பதில்தான் குழப்பம். கொள்ளைப் பொருளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அரசருக்குக் காணிக்கையாக்கியது. பரிசு மைசூரிலிருந்து லண்டனுக்குப் போகவில்லை. லண்டனுக்குள்ளேயே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

முதலில் பொருள்களைப் பிரித்துவிடலாம், ஏனென்றால் இணையத்தில் எல்லாவற்றையும் "திப்புவின் புலி" என்றே எழுதுகிறார்கள். ஒன்று, சிம்மாசனத்தின் அடியில் நின்ற பெரிய புலியின் தலை. இது விண்ட்சரில் இருக்கிறது. இரண்டு, அதே சிம்மாசனத்தின் விதானத்துக்கு மேல் இருந்த, ஹுமா என்ற கதைப் பறவையின் பொன் உருவம். இதுவும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில்தான். மூன்று, சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த கைப்பிடிச் சுவரின் உச்சிகளில் இருந்த சிறு புலித்தலைகள். இவை பல கைகளுக்குச் சிதறிவிட்டன. நான்கு, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வெள்ளைக்காரனைக் கடித்துக்கொண்டிருக்கும் மர இசைப்புலி. நான்காவதற்கும் சிம்மாசனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது அரண்மனையில் இசைக்கருவிகள் வைத்திருந்த அறையில் கிடைத்தது.

சிம்மாசனம் முழுதாக இன்று இல்லை. நேரில் பார்த்த அதிகாரிகளின் குறிப்புகளையும், அந்தக் காலத்தில் வரைந்த ஓரிரு படங்களையும் வைத்துத்தான் அதை மனதில் கட்ட வேண்டும். எண்கோண மேடை, சுமார் 8 அடி நீளம், 5 அடி அகலம். அதை நடுவில் தாங்கியது ஏறக்குறைய உயிர்ப்புலி அளவுக்குச் செதுக்கிய மரப்புலி. மேலே யானை அம்பாரி போன்ற இருக்கை, அதற்கு மேல் முத்துக் குஞ்சம் கட்டிய விதானம், விதானத்தின் உச்சியில் பறவை. ஏறுவதற்கு இருபுறமும் முலாம் பூசிய வெள்ளிப் படிகள். சுற்றிலும் தாழ்வான கைப்பிடி. அதன் மேலிருந்த சிறு புலித்தலைகளைப் பழைய குறிப்பு ஒன்று பத்து என்கிறது. ஏலக் கூடங்களும் அரசு ஆவணங்களும் எட்டு என்கின்றன. மேடை எண்கோணம் என்பதால் மூலைக்கு ஒன்றாக எட்டு என்பதே பொருந்தி வருகிறது. ஆங்கிலேயரை முழுதாகத் தோற்கடிக்கும்வரை இதில் அமர்வதில்லை என்று திப்பு சபதம் செய்திருந்தார், ஆகவே கடைசிவரை அதில் உட்காரவே இல்லை என்று சொல்வார்கள். இது பலரும் சொல்லும் செய்தி, அவ்வளவுதான்.

"பொற்சிம்மாசனம்" என்றதும் கட்டித் தங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அளவில் கட்டித் தங்கத்தில் வார்த்தால் தூக்கவும் முடியாது, பொன்னும் தன் எடையிலேயே வளைந்துவிடும். பெரிய உருவங்களுக்கு வழி ஒன்றுதான்: மரத்தில் உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் பொன் தகட்டைப் பகுதி பகுதியாகப் போர்த்தி, தட்டிப் படிய வைத்து, ஆணியடித்து நிறுத்துவது. இங்கே ஆணிகளும் பிற பிணைப்புகளும் வெள்ளி. பார்த்தவர் ஒருவர் புலியின் கண்ணும் பல்லும் கண்ணாடி என்று எழுதினார், அவை படிகக்கல். புலித்தோலின் வரிகளைத் தகட்டில் நகாசு வேலையாக எடுத்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். பொன் அப்படி அசையாது. ஆகவே தகடுகள் சேரும் இடத்தில் மடிப்பு விழும், ஆணித்துளை கிழிந்து பெரிதாகும். ஒரே நீளத் தகடாகப் போடாமல் சிறு துண்டுகளாகப் போடுவது தங்கம் கிடைக்காததால் அல்ல, இந்த அசைவுக்கு இடம் விடத்தான். இதே அமைப்புதான் பின்னால் சிம்மாசனத்துக்கு எமனாகவும் ஆனது. ஆணியைப் பிடுங்கினால் தகடு கழன்று வந்துவிடும். உருக்காமலே எடை போட்டுப் பங்கு பிரிக்கலாம்.

சிறு தலைகளின் வேலை வேறு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. பொன் தகட்டில் உருவம் எடுத்து, உள்ளே அரக்கு நிரப்பி, மேலே மாணிக்கம், வைரம், மரகதம் பதித்தவை. பதிப்பு குந்தன் முறை: கல்லுக்குக் குழி வைத்து, அதன் அடியில் பளபளப்புத் தகடு போட்டு, கல்லை அரக்கில் அமர்த்தி, சுற்றிலும் மாற்றுக் குறையாத பொன்னிழையைக் குச்சியால் அழுத்தி அழுத்தி இறுக்குவார்கள். ஒட்டவைக்கும் பற்றாசு கிடையாது, தீயும் கிடையாது. சுத்தப் பொன் அழுத்தத்திலேயே தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் நகைப் பத்தர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கெடுவது இரண்டு வழியில். கல்லின் ஓரத்தில் ஈரம் நுழைந்தால் அடித்தகடு கறுத்து, கல் செத்துப்போனது போல் தெரியும். அதைக் கல் மாற்றிவிட்டார்கள் என்று தவறாக நினைப்பவர் உண்டு. மற்றொன்று, பின்னாளில் யாராவது பீடம் பொருத்துகிறேன் என்று பற்றவைத்தால் உள்ளே அரக்கு இளகிக் கல் உட்கார்ந்துவிடும். அரக்கு இளக நெருப்பு வேண்டாம், கொதிநீர்ச் சூடே போதும்.

புலி ஏன்? திப்புவின் ஆட்சியில் புலி ஓர் அலங்காரம் இல்லை, அரசு முத்திரை. படைவீரர் சீருடையிலும், வாள் பிடியிலும், பீரங்கி வாயிலும், துணி மேலும் அந்தப் புலிவரி இருக்கும். 'இறைவனின் வெற்றிச் சிங்கம்' என்று பொருள்படும் அரபுத் தொடரையே புலிமுகம் போல் தெரியும்படி எழுதி ஆயுதங்களில் பொறித்தார்கள். படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் அந்த முகம் புரியும். புலிக்கொடி நமக்கும் புதிதல்ல, சோழரிடம் இருந்தது. ஆனால் இந்த இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது, அந்த ஆசையை விட்டுவிடலாம்.

எதிரிக்கு இந்தப் புலி ஏன் உறுத்தியது என்பதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்குள் கொஞ்சம் வர வேண்டும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். உதவிக்குப் போயிருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்திலேயே இருந்தார்; செய்தி வந்ததும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் கம்பெனி வாங்கிய மோசமான அடிகளில் ஒன்று அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தவுலத் மாளிகைச் சுவர் முழுக்கத் திப்பு அதை ஓவியமாக வரையவைத்தார்: நடுவில் பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் சதுரமாக நின்று கலங்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1792 டிசம்பரில், அதே மன்றோவின் மகன் வங்கத்தின் சாகர் தீவில் புலி அடித்து இறந்தான். செய்தி இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பிற்காலத்தில் அதைப் பீங்கான் பொம்மையாகவும் செய்து விற்றார்கள். இசைப்புலி அந்தச் சாவைப் பார்த்துச் செய்ததுதான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் புலி வெள்ளைக்காரனைக் கடிக்கும் உருவத்தை நினைக்கத் திப்புவுக்கு மன்றோ மகன் தேவைப்பட்டிருக்காது.

இனி உடைப்பு. கோட்டை விழுந்த இரவு சிப்பாய்கள் கையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்தார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆனவர், நான்கு பேரைத் தூக்கிலிட்டுத்தான் அதை நிறுத்தினார். அதன் பிறகு நடந்ததும் கொள்ளைதான், கணக்கெழுதிய கொள்ளை. கைப்பற்றிய சொத்தை மதிப்பிட்டு, ஏலம் விட்டு, பதவிக்கு ஏற்பப் பங்கு போடப் படையிலிருந்தே ஒரு குழு இருந்தது. கணக்கு நட்சத்திர வராகன் என்ற அன்றைய பொன் நாணயத்தில். தளபதி ஹாரிஸுக்கு மட்டும் ஏறக்குறைய 1,43,000 பவுன் வந்தது. இந்த முறையில் சிம்மாசனம் ஒரு தொல்லைப் பொருள். அதை ஏலத்தில் எடுக்கும் வசதி அங்கே எந்த அதிகாரிக்கும் இல்லை. எடுத்தாலும் வண்டியில் கட்டிச் சென்னைக்குக் கொண்டுவர முடியாது. துண்டாக்கினால் எல்லோருக்கும் விற்கலாம். துண்டாக்கினார்கள்.

அந்த மாதங்களில் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லஸ்லி, ஆர்தரின் அண்ணன், போரை நடத்தக் கல்கத்தாவிலிருந்து வந்து சென்னைக் கோட்டையில்தான் இருந்தார். சிம்மாசனம் உடைந்த செய்தி அவருக்குப் பிந்தித்தான் எட்டியது. முழுதாக அனுப்பியிருந்தால் மகிழ்ந்திருப்பேன், குழுவினரின் விவேகமற்ற ஆர்வத்தால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும் முன் அது துண்டாகிவிட்டது என்ற கருத்தில் 1800 ஜனவரியில் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். அவர் கோபம் கலைக்காக அல்ல. உடையாத சிம்மாசனத்தை லண்டனில் அரசர் முன் நிறுத்தியிருந்தால் ஓர் அரசையே கொண்டுவந்து நிறுத்தியதாகப் பொருள். தலையை மட்டும் வைத்தால் அது வேட்டைக்காரன் சுவரில் மாட்டும் தலையைப் போன்றது. கொள்ளையில் தனக்கு ஒதுக்கிய ஒரு லட்சம் பவுனை வேண்டாம் என்றவர், இந்தத் துண்டுகள் யாருக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துண்டுகள் போன வழியைப் பார்த்தால் படிநிலை தெளிவாகத் தெரியும். ஹுமா பறவை மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு. ஏறத்தாழ 42 செ.மீ உயரம், பொன்னில் கல் இழைத்தது. தரையில் ஒருபோதும் இறங்காது, அதன் நிழல் பட்டவன் அரசனாவான் என்று பாரசீகக் கதைகள் சொல்லும் பறவை. பொருள் தெரிந்து செய்த தேர்வு என்றுதான் கொள்ள வேண்டும், அரசனுக்குப் போக வேண்டியது அதுதான். பெரிய புலித்தலை லண்டன் லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் தலைமையகத்தில் இருந்துவிட்டு, 1831இல்தான் நான்காம் வில்லியம் அரசருக்குப் போனது. அதாவது முப்பது ஆண்டு கம்பெனி அதைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது. சிறு தலைகளில் ஒன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியட்டாவிடம் சேர்ந்தது. அது இன்று வேல்சில் போவிஸ் கோட்டையில் இருக்கிறது, திப்புவின் பூத்துணிக் கூடாரமும் அங்கேதான். அரசருக்குப் பறவை, கவர்னர் வீட்டுக்குச் சிறு தலை. பதவிக்கேற்ப வராகன் பிரித்ததைப் போலவே விலங்கையும் பிரித்திருக்கிறார்கள்.

படையில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரு புலி கிடைத்தது, பதக்கத்தில். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில், கூக்லர் என்ற சிற்பியின் அச்சில் அடித்து, 1808இல் வழங்கிய ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். ஒரு பக்கம் கோட்டைத் தாக்குதல். மறுபக்கம் பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. உயர் அதிகாரிக்குப் பொன், அடுத்தவருக்கு முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம், கடைசியில் இந்தியச் சிப்பாய்க்குத் தகரம். சிங்கத்துக்கு மேலுள்ள கொடியில் எழுதியிருப்பது அந்த அரபுத் தொடர்தான். திப்பு தன் புலிக்கு எழுதியதைப் பிடுங்கித் தங்கள் சிங்கத்துக்குச் சூட்டிவிட்டார்கள். இந்த முழு விவகாரத்திலும் கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான் என்று சொல்லலாம்.

இசைப்புலிக்கு வருவோம். ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம், 71 செ.மீ உயரம், வண்ணம் பூசிய மரம். சிவப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்ட ஐரோப்பியன் மல்லாந்து கிடக்க, புலி அவன் கழுத்தில் வாய் வைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கும். ஒரு துருத்தி மனிதனின் தொண்டைக்குள் இருக்கும் குழாய் வழியே காற்றை வாய்க்கு அனுப்பும், அது ஓலம். அவன் இடக்கை ஏறி இறங்கும். அந்த அசைவோடு ஓலத்தின் சுருதியும் மாறும், ஆகவே கை வாயருகே வரும்போது குரல் அடங்குவது போலக் கேட்கும். புலியின் தலைக்குள் தனியாக ஒரு சிறு அமைப்பு, இரண்டு சுருதி தரும் ஒரே குழாயோடு, விட்டு விட்டு உறுமும். இதற்கு மேல், புலியின் விலாவில் ஒரு மூடியைத் திறந்தால் தந்தக் கட்டைகள் கொண்ட 18 சுரச் சிறு ஆர்கன் இருக்கிறது. குழாய்கள் புலியின் வயிற்றுக்குள். கட்டைகளின் தலை உருண்டை போல இருப்பதால் விரல்களால் பாட்டு வாசிப்பது சிரமம். விரல் முட்டிகளால் மேலும் கீழும் உருட்டி அலறலைக் கூட்டவே வைத்தது என்று ஓர் ஆர்கன் வல்லுநர் கருதினார். உருவமும் வண்ணமும் மைசூர்க் கை. உள்ளே இருக்கும் பொறியில் ஐரோப்பியப் பழக்கம், பெரும்பாலும் பிரெஞ்சுப் பழக்கம், தெரிகிறது என்பது பொதுவான கருத்து.

இதுபோன்ற கருவியில் முதலில் போவது துருத்தித் தோல். காய்ந்து மடிப்பில் வெடிக்கும், காற்று கசியும், ஓலம் மூச்சிரைப்பாக மாறும். வேகமாகச் சுற்றினால் தோலுக்கு முன் பற்சக்கரம் தேயும். இந்தப் புலி இரண்டையும் அனுபவித்தது. 1808இல் கம்பெனித் தலைமையகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது யார் வேண்டுமானாலும் சுற்றலாம். பக்கத்தில் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாள் முழுக்க அலறல். கடைசியில் கைப்பிடி காணாமற்போனது. நல்ல காலம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. 1880இல் தென் கென்சிங்டனுக்கு, அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கூரை சரிந்து மர உறை நூற்றுக்கணக்கான துண்டாகியது. ஒட்டிச் சேர்த்து 1947க்குள் மறுபடி வைத்தார்கள். ஆகவே இன்று கேட்கும் உறுமல் திப்பு கேட்ட அதே உறுமல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திப்பு உண்மையில் அனுப்பிய தூதும் பரிசும் வேறு திசையில் போனவை. 1787இல் புதுச்சேரியிலிருந்து மூன்று தூதர்கள் கப்பலேறி, 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். வேண்டியது படை உதவியும் கைவினைஞர்களும். படை கிடைக்கவில்லை, பிரான்சின் புகழ்பெற்ற செவ்ர் பீங்கான் கிடைத்தது. வாங்க வந்தவனுக்கு வேண்டியதைக் கொடுக்க முடியாதபோது அழகான பொருளைக் கொடுத்து அனுப்புவது அரசவைகளின் பழைய வித்தை.

கொள்ளையடித்த விலங்குருவம் பிறகு "பரிசு" ஆவது இந்தியாவோடு நிற்கவில்லை. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் கோடை அரண்மனையை அழித்தபோது, நீர்க்கடிகாரமாக இருந்த பன்னிரண்டு வெண்கல விலங்குத் தலைகள் சிதறின. எலி, முயல் தலைகள் இரண்டும் 2009இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தன. எடுத்த சீனர் பணம் தர மறுத்தார். 2013இல் பினோ என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர் அவற்றை வாங்கிச் சீனாவுக்கே கொடுத்தார். கொடுத்தவருக்குப் பேரும், வாங்கிய அரசுக்குப் பெருமையும்.

திப்புவின் பொருள்கள் திரும்பி வருமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். இடத்துக்கு இடம் சட்டம் வேறு. இசைப்புலியை விட்டுக்கொடுக்க 1983ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம் அந்த அருங்காட்சியகத்தின் கையைக் கட்டியிருக்கிறது. புலித்தலையும் ஹுமாவும் அரச சேகரிப்பில் இருப்பவை, அரசர் பொறுப்பாளராக வைத்திருப்பதாகக் கணக்கு, விற்பனை கிடையாது. சிறு தலைகள் மட்டும்தான் சந்தைக்கு வரும். ஒன்று 2009இல் 3,89,600 பவுனுக்கும், இன்னொன்று 2010இல் 4,34,400 பவுனுக்கும் லண்டனில் விலைபோயின. 2021இல் ஒரு தலை வெளிநாடு போகாமல் தடுக்க பிரிட்டிஷ் அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை போட்டது. மதிப்பு 15 லட்சம் பவுன். தங்கத்தின் எடைக்கு அந்த விலை வராது, உள்ளே பாதி அரக்கு. விலை முழுவதும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற தொடர்ச்சிக்குத்தான். யாரிடம் இருந்தது, எப்போது கை மாறியது என்ற தாள் இல்லாமல் "திப்பு சிம்மாசனத் தலை" என்று எது வந்தாலும், அரக்கையும் கல்லையும் சோதிக்கும் முன்பே ஒதுக்கிவிடலாம். குந்தன் வேலையில் புலித்தலை செய்யக்கூடிய கைகள் இன்றும் நிறைய இருக்கின்றன.